தபால் அக்கா பதில்கள்: ‘ஆனாலும்’ என்ற சொல்லுக்கு எத்தனை சதம்?

போன இதழில் ஒரு வாசகர், பஸ்ஸில் விட்ட குடை 11 நாள் கழித்துத் தன்னிடமே திரும்பி வந்த கதையை எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எல்லோருக்கும் ஏதோ ஒன்று ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. இந்த மாதம் வந்ததில் பாதிக்கு மேல், முன்பின் தெரியாதவர்கள் செய்த நன்மை பற்றிய கடிதங்கள்தான். மின்னஞ்சலும் வந்தது. ஆனால் உறையில் வந்ததைத்தான் முதலில் பிரித்தேன். 31 வருடம் தபாலகத்தில் இருந்தவளுக்கு அந்தப் பழக்கம் போகாது.

கேள்வி: கடந்த மாதம் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கினேன். விடியற்காலை, தூக்கக் கலக்கம். ஸ்டேஷனில் ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து மூட்டை முடிச்செல்லாம் இறக்கினேன், கைப்பையை மட்டும் விட்டுவிட்டேன். உள்ளே 85,000 ரூபா காசு, மகளின் சங்கிலி, என் அடையாள அட்டை. பத்து மணிபோல அதே ஓட்டோ வாசலில் வந்து நின்றது. பள்ளிக்கூடம் போன ஒரு பையன் சீற்றுக்குப் பின்னால் பை கிடப்பதைக் கண்டு சொன்னானாம். எண்ணிப் பார்க்கச் சொன்னார், ஒரு ரூபா குறையவில்லை. 5,000 ரூபா நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் கிண்ணியா ஆள். ஆனாலும் எவ்வளவு நல்ல மனம்! இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது?
— உவர்மலை வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லைப் பென்சிலால் வெட்டிவிட்டேன். கோபிக்க வேண்டாம். தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கட்ட வேண்டும். ‘அப்பாவுக்குக் கடுமை உடனே வரவும்’ என்று நாலே சொல்லில் முடித்துவிடுவார்கள். யாராவது நீட்டி எழுதிக்கொண்டு வந்தால், நான் படிவத்தை வாங்கி எண்ணிப் பார்த்து, ‘இதை எடுத்தால் இவ்வளவு சதம் மிச்சம், அர்த்தம் மாறாது’ என்று காட்டுவேன். உங்கள் கடிதம் தந்தியாக வந்திருந்தால் ‘ஆனாலும்’ என்ற சொல்லில்தான் என் பென்சில் முதலில் நின்றிருக்கும். ‘அவர் கிண்ணியா ஆள். எவ்வளவு நல்ல மனம்.’ வாசித்துப் பாருங்கள், ஏதாவது குறைகிறதா? அவர் கிண்ணியா முஸ்லிம் என்பதற்காகத்தானே அந்தச் சொல்லைப் போட்டீர்கள்?

உங்களை மட்டும் சொல்லவில்லை. மூதூரில் இருந்து ஒரு உம்மா எழுதியிருக்கிறார். மகன் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தபோது சம்பூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பொடியன்மார் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்களாம். ‘அவர்கள் தமிழ் ஆட்கள், ஆனாலும் கூடப் பிறந்தவனைப் போலப் பார்த்தார்கள்.’ கந்தளாயில் பஸ்ஸுக்குள் மயங்கி விழுந்த ஒரு வாத்தியாருக்குத் தண்ணீர் தெளித்து, தன் மடியில் தலையை வைத்திருந்தவர் ஒரு சிங்கள அம்மா. அந்தக் கடிதத்திலும் அதே சொல் அதே இடத்தில் குந்தியிருக்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எந்தச் சமூகமும் பாதியைத் தொடாத மாவட்டம் நம்முடைய திருகோணமலை. வீதியில் நாம் விழுந்தால் முதலில் ஓடி வருகிறவர் நம்முடைய ஆளாக இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கணக்குப்படியே அப்படித்தான் வரும்.

இன்னொன்று. உங்கள் கதையில் நேர்மையான ஆட்கள் இரண்டு பேர். ஒருவரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். விடியலில் இருந்து அந்தப் பையன் ஏறும் வரைக்கும் அந்தச் சீற்றில் எத்தனை பேர் ஏறி இறங்கினார்களோ! பையைக் கண்ட பையன் புத்தகப் பைக்குள் தள்ளிக்கொண்டு இறங்கியிருந்தால் ஓட்டோக்காரருக்கே தெரிந்திருக்காது. நீங்கள் பொலிசுக்குப் போயிருப்பீர்கள், அந்த மனிதர் இன்றைக்கும் உங்கள் கணக்கில் கள்ளனாக இருந்திருப்பார். அவரைக் காப்பாற்றியதும் அந்தப் பையன்தான்.

சரி, கடனுக்கு வருவோம். 5,000 ரூபாவை நீட்டியதும், அவருடைய குணத்துக்கு நீங்கள் விலை சொன்னது போல் அவருக்குப் பட்டிருக்கும். அதனால்தான் கை பின்னால் போனது. ஆனால் அவர் ஒரு ஹயரை விட்டுவிட்டு, பெற்றோல் எரித்துக்கொண்டு வந்திருக்கிறார். ‘இது வந்து போன ஹயர் காசு, இதை வாங்காவிட்டால் எனக்குக் கோபம் வரும்’ என்று சரியான தொகையைக் கொடுத்தால் பெரும்பாலும் வாங்குவார்கள். இப்போதும் பிந்தவில்லை. நம்பரை எடுத்து வையுங்கள். ஸ்டேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோணேசர் கோயிலுக்கு என்று எதற்கும் அவரையே கூப்பிடுங்கள். பேரம் பேசாதீர்கள், அதற்காக அள்ளியும் கொடுக்காதீர்கள். பையனை எந்தப் பள்ளிக்கூட வாசலில் இறக்கினார் என்று அவரிடம் கேட்டு, அந்த அதிபருக்கு ஒரு கடிதம் போடுங்கள். காலைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். முத்திரை 50 ரூபாதான். (இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்த விருப்பம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.)

அப்புறம், பைக்குள் உங்கள் டெலிபோன் நம்பரை ஒரு துண்டில் எழுதிப் போடுங்கள். இறக்கிய வீடு ஞாபகம் இருந்தபடியால் அவர் வந்தார். எல்லோருக்கும் அப்படி ஞாபகம் இருக்காது.

கேள்வி: சந்தையில் மீன் வாங்கும்போது காலடியில் 5,000 ரூபாத் தாள் கிடந்தது. யாருடையது என்று தெரியவில்லை. வீட்டில் வைத்திருக்க மனம் கேட்கவில்லை. பத்திரகாளி அம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிடலாமா?
— வாசகர், திருகோணமலை

பதில்: காளியம்மா காசைத் தொலைக்கவில்லையே! தொலைத்தவர் யாரோ. மீன் விற்ற காசை எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டு இரவு படுக்காமல் இருந்திருப்பார். அவருடைய காசில் உங்களுக்குப் புண்ணியம் தேடுவது என்ன நியாயம்?

சட்டமும் சும்மா விடாது. நம்முடைய தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. கீழே கிடந்ததை உரியவரிடம் சேர்ப்பதற்காக எடுத்தால் குற்றமில்லை. உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எடுக்காமல், நியாயமான காலம் காத்திருக்காமல் தன் பாவனைக்கு எடுத்தால் அது குற்றம். உரியவர் யாரென்று தெரியாது என்பது மட்டும் சாட்டாகாது.

நாளைக்கே அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போங்கள். பக்கத்தில் இருக்கும் நாலைந்து மீன்காரரிடம் ‘கொஞ்சம் காசு கிடந்தது’ என்று மட்டும் சொல்லி உங்கள் நம்பரைக் கொடுங்கள். எவ்வளவு, ஒரு தாளா பல தாளா என்று வாய் திறக்க வேண்டாம். வருகிறவர் அதைச் சொல்லட்டும். எப்படி மடித்திருந்தது என்றும் கேளுங்கள். தன் காசை மடித்த விதம் தொலைத்தவருக்குத் தெரியும். ஒருவரும் வராவிட்டால் பொலிசில் ஒப்படைத்துப் பதிவு போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கோட்டைக்குள் கோயிலுக்கு நடந்து போகையில் ஒரு மான் வந்து அர்ச்சனைத் தட்டில் இருந்த வாழைப்பழத்தைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. இது நேர்மையா, அக்கா?
— ஒரு குறும்புக்காரன்

பதில்: வழியிலேயே நைவேத்தியம் முடிந்தது என்று நினைத்துக்கொள். ஆனால் பழம் சுற்றி வந்த பொலித்தீன் பையை நீ எங்கே போட்டாய் என்று எழுதவில்லையே? அதையும் அந்த மான்கள் தின்கின்றன. நேர்மையைப் பற்றி மானோடு பேசுவதற்கு முன் அதைத் தேடிப் பார்.

கேள்வி: ‘அந்தக் காலத்து மனிசர் இப்ப இல்லை’ என்று அம்மம்மா ஓயாமல் சொல்கிறார். உண்மையா? காசு கூடக் கூட நேர்மை குறையும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.
— கோணேசபுரி வளாக மாணவி

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை உண்மையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், மகள். 40 நாடுகளில் 355 நகரங்களில், 17,000க்கும் அதிகமான பர்ஸ்களைக் கொண்டுபோய், வங்கி, ஹோட்டல், அரங்கு, பொலிஸ் நிலையம், தபாலகம் (!) போன்ற இடங்களில் கருமபீடத்தில் இருப்பவரிடம் ‘இது வீதியில் கிடந்தது, எனக்கு அவசரம்’ என்று கொடுத்துவிட்டு நடந்துவிட்டார்கள். உள்ளே ஒரு சாவி, சாமான் வாங்கும் துண்டு, சொந்தக்காரரின் மின்னஞ்சல் விலாசம். சிலவற்றில் காசு, சிலவற்றில் இல்லை. 2019இல் ‘சயன்ஸ்’ என்ற விஞ்ஞான சஞ்சிகையில் முடிவு வந்தது. காசில்லாத பர்ஸ்களில் 100க்கு 40 பற்றித்தான் சொந்தக்காரருக்கு மின்னஞ்சல் வந்தது. காசுள்ளவற்றில் 51. மூன்று நாடுகளில் ஏழு மடங்கு காசு வைத்துப் பார்த்தபோது 72. நீங்கள் நினைத்ததுக்கு நேர்மாறு. பொருளியல் படித்தவர்களையும் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள், அவர்கள் சொன்னதும் பிழைத்துவிட்டது. காசு கூடும்போது, வைத்துக்கொண்டால் தன்னைத் தானே கள்ளன் என்று நினைக்க வேண்டி வருமே என்ற கூச்சமும் கூடுகிறதாம். இந்தியா அந்த 40க்குள் இருந்தது, நாங்கள் இல்லை. இருந்திருந்தால் என்னுடைய கருமபீடத்துக்கும் ஒன்று வந்திருக்குமோ என்று ஒரு நப்பாசை. நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் என்பது வேறு விஷயம்.

அம்மம்மாவுக்கு என்ன பதில்? அந்தக் காலத்தில் எல்லோரும் அரிச்சந்திரன் இல்லை, அம்மா. மத்திய கிழக்கில் இருந்து பிள்ளைகள் கடிதத்துக்குள் தாள் காசை மடித்து வைத்து அனுப்புவார்கள், பதிவுத் தபாலில் போடாமல். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அந்த உறைகள் சில, ஒட்டு விட்டு, மறுபடி பசை பூசி வந்தன. ‘மூவாயிரம் வைத்திருக்கிறேன் அம்மா’ என்று கடிதத்தில் இருக்கும், காசு இருக்காது. வாசித்துக் காட்டச் சொல்லி வந்த தாய்மார் முன்னால் அந்த வரியை வாசிக்க என் நாக்கு வராது.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரைக்கும் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் அந்தக் கடலைக் கடந்தோம். பாதை கிளம்பப் போகிறது என்றால், ஏறியிருக்கிற யாரோ ஒருவர் கையில் பையை எறிந்துவிட்டுத்தான் நாங்கள் தாவுவோம். ஒரு தடவையும் தொலையவில்லை. ‘பார், அந்தக் காலத்து நேர்மை’ என்பார் உங்கள் அம்மம்மா. சுற்றிவரத் தண்ணீர், பையோடு அவர் எங்கே ஓடுவது?

ஆனால் அதே காலத்தில் நான் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். காலையில் சிவப்புத் தபால் பெட்டியைத் திறந்தால் கடிதங்களோடு சேர்ந்து அடையாள அட்டைகள் விழும். பர்ஸ் இருக்காது, காசு இருக்காது, அட்டை மட்டும். பஸ்ஸிலும் சந்தையிலும் பொக்கற் அடித்தவர்கள் காசை எடுத்துக்கொண்டு அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் பின்பக்கத்தில் இருக்கும் விலாசத்துக்கு அனுப்பிவைப்போம். 90களில் இந்த ஊரில் அடையாள அட்டை இல்லாமல் நாலு சந்தி தாண்ட முடியாது என்பது உங்கள் வயதுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. யுத்த காலம், ஒவ்வொரு சென்றியிலும் (சோதனைச் சாவடியிலும்) இறங்கிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு வீடு திரும்புவது நிச்சயமில்லை. ஒருநாள் ரப்பர் வளையம் போட்டபடி மூன்று அட்டைகள் விழுந்தன, நடுவில் ஒரு குழந்தையின் கிளினிக் கார்ட். அந்த மூன்றில் ஒன்று ஒரு மீன்பிடிக்காரருடையது. கிடைத்த அன்றே தபாலகத்துக்கு வந்துவிட்டார். அட்டை தொலைந்ததில் இருந்து 9 நாளாகப் படலை தாண்டவில்லையாம். பாஸ் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது, அட்டை இல்லாமல் பாஸ் இல்லை.

“யார் பிள்ளை கொண்டுவந்து போட்டது?” என்று கேட்டார்.

“உங்கள் காசை எடுத்த கள்ளன்தான் ஐயா.”

கொஞ்ச நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்ல கள்ளன்” என்றார்.

அந்தக் காலத்து மனிசரில் அந்தக் கள்ளனும் சேர்த்தியா என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அவருடைய பதிலை அடுத்த இதழில் போடுகிறேன்.

கேள்வி: 2022இல் மனைவிக்கு இரவில் வலி எடுத்தது. என் ஓட்டோவில் சொட்டுப் பெற்றோல் இல்லை. தட்டுப்பாட்டுக் காலம், பெற்றோல் செட் வாசலில் விடிய விடிய வரிசை. போய் அழாத குறையாகக் கேட்டேன். ஒருவர் ஒன்றும் பேசாமல் தன் மோட்டார் சைக்கிள் தாங்கிக்குள் ரியூப்பை விட்டு, வாயால் உறிஞ்சி, ஒரு போத்தலில் எனக்குப் பிடித்துத் தந்தார். காசும் கேட்கவில்லை. மகளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது வருகிறது. அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. எப்படித் தேடுவது?
— வாசகர், சீனக்குடா

பதில்: உங்களுக்கு முகம் மறந்திருக்கலாம், தம்பி. வாயில் போன பெற்றோல் ருசி அவருக்கு மறந்திருக்காது. அந்த ஜூன் முடிவில் லீற்றர் 470 ரூபா. அதையும் நாள்கணக்கில் நின்றுதான் எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டிருக்கிற சீனக்குடாக்காரர் நீங்கள், போத்தலோடு நின்றிருக்கிறீர்கள். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

தேடலாம். அதே செட்டுக்குப் போய், அந்த நாட்களில் அங்கே வேலை செய்தவர்களிடம் கேளுங்கள். இரவு முழுக்க வரிசையில் நின்றவர்களை அவர்களுக்கு முகம் முகமாகத் தெரியும், எல்லோரிடமும் ஏச்சு வாங்கியவர்கள் அல்லவா! கிடைத்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். இனி ஒரு அவசரம் வந்தால் பெற்றோலுக்கு ஓடாமல் முதலில் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும், காசில்லை.

கேள்வி: பஸ் நிலையத்தில் ஒருவர் ‘பர்ஸ் தொலைந்துவிட்டது, வவுனியாவுக்குப் போகக் காசில்லை’ என்று அழுதார். 500 ரூபா கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து அதே இடத்தில் அதே ஆள், அதே வவுனியா. இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டேன். சரிதானே?
— வாசகர், நிலாவெளி

பதில்: சரியில்லை. இனிமேல் காசைக் கையில் கொடுக்காமல் ஆளை வவுனியா பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கொண்டக்ரரிடம் ஒரு ரிக்கற் வெட்டச் சொல்லி, ஆள் ஏறி இருக்கும் வரைக்கும் நில்லுங்கள். உண்மையில் போக வேண்டியவர் கும்பிட்டுவிட்டு ஏறுவார். மற்றவருக்கு வவுனியாவில் என்ன வேலை?

கேள்வி: எல்லோருக்கும் பதில் சொல்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் நீங்கள் எதையும் வாங்கியதில்லையா?
— வாசகி, தம்பலகாமம்

பதில்: வாங்கியிருக்கிறேன். ஒரு சேலை, ஒரு சட்டை, ஒரு உள்பாவாடை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். நிலாவெளியில் ஒரு உறவுக்காரர் வீட்டில் அந்தியேட்டி. காலையில் பெண்கள் எல்லோரும் பின்பக்கம் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். கடல் வந்ததைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை. ஓடும்போது என் சேலை வேலியில் மாட்டிக்கொண்டது, அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். புல்மோட்டை வீதிக்கும் அப்பால், மேட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு. வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டு, நனைந்து கிழிந்து ஓடி வருகிற பெண்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். எங்களை நிற்க வைத்து, அலுமாரியைத் திறந்து, யாருக்கு எது அளவு என்றுகூடப் பார்க்காமல் எடுத்து எடுத்துக் கொடுத்தார். பேர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் என்ன ஆள் என்று எழுதிக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பென்சில் இன்னும் கையில்தான் இருக்கிறது.

தைப்பொங்கல் கழிந்து, சேலையையும் சட்டையையும் துவைத்து மினுக்கி எடுத்துக்கொண்டு அந்த வீட்டைத் தேடிப் போனேன். ஒரு பெட்டி பிஸ்கட்டும் கொண்டுபோனேன். கண்ணீர் வரும், கட்டிப்பிடிப்பார் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனவள் நான். அவர் பொட்டலத்தை வாங்கி விரித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“பாவாடை எங்கே?” என்றார்.

எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. உள்பாவாடையை யார் திருப்பிக் கேட்கப் போகிறார்கள் என்று வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். அவர் கோபமாகவும் கேட்கவில்லை. “ஆறு பேருக்குக் கொடுத்தேன். எனக்கு இப்ப மாற்ற ஒன்றுதான் இருக்கு” என்றார்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து, அதை எடுத்துக்கொண்டு, பொழுது சாய முன் மறுபடி போனேன். வாங்கி, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“நாடா புதுசு” என்றார்.

“பழையது அறுந்துவிட்டது.”

“சரி, இரு. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ.”